மூன்றாவது ஓலை

நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை டீச்சர். ஹில்டாவுக்கு மட்டும்தான். அதுவும் ஜெபத்தில் வைத்துத்தான் நினைத்தேன்.

நீங்கள் திருத்துங்கள், திருத்துங்கள். விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்தால் போதும். பஸ் இப்போதுதான் சாயல்குடியைத் தாண்டியிருக்கிறது. நீங்கள் முத்துப்பேட்டையில் இறங்குகிறவரைக்கும் வேறு என்ன செய்யப் போகிறோம்? எனக்கு வேளாங்கண்ணி. பாவசங்கீர்த்தனம் பண்ணப் போகிறேன்.

எங்கள் ஊரில் கோயில் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது, கூப்பிடு தூரம்தான். ஆனால் எங்கள் சாமியாருக்கு என் குரல் தெரியும். பூசையில் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவளே நான்தான். அவரிடம் போய் முழங்கால் போட்டு இதையெல்லாம் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் எப்படி நாக்கை நீட்டி நற்கருணை வாங்குவது? வேளாங்கண்ணியில் அவரும் யாரோ, நானும் யாரோ. அதற்கு முன்னால் ஒரு தடவை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். எது பாவம், எது பாவமில்லை என்று தெரிந்துவிடும். நீங்கள் டீச்சர். எதற்கு எத்தனை மார்க் என்று உங்களுக்குத் தெரியாமலா?

என் பெயர் பெர்னதெத். தூத்துக்குடி. வீட்டுக்காரர் தவறிப் பதினொரு வருஷம் ஆகிறது. இரண்டு பையன்கள், இரண்டு பேருக்கும் கப்பல் வேலை. ஒரே மகள் இமெல்டா. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் தலைமை. முப்பத்தேழு வயது. கல்யாணம் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கதையே.

ஹில்டாவும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன், அவள் காலேஜ் வரை போனாள். ஆனாலும் விட்டுப்போகவில்லை. இமெல்டாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று பிள்ளையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் அவள்தான். பெற்ற தாய்க்கு அடுத்தது ஞானத்தாய், எங்கள் வழக்கத்தில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை, நெற்றியைப் பார்த்தேன். அதனால் ஓலை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பெண்ணின் அம்மாவைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். அந்த மூன்று ஞாயிறும் பெண்ணின் அம்மாவுக்குத்தான் ராணி மாதிரி இருக்கும்.

இமெல்டாவுக்கு வீரபாண்டியன்பட்டினத்தில் மாப்பிள்ளை. தொபியாஸ். வங்கியில் வேலை, வெற்றிலை பாக்குப் பழக்கம்கூடக் கிடையாது. பெண் வேலைக்குப் போகக் கூடாது, வீட்டோடு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர்கள் கேட்டது. இவள் நர்சிங் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழுதாள். ஆறு மாதம் அழுதாள். கல்யாணப் பெண் அழாமல் வேறு யார் அழுவார்கள்? 'மாதா முன்னால முட்டிக்கால் போட்டு ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாயிரும்' என்று சொன்னேன். பண்ணினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேனே.

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு நான் மாம்பழ நிறப் பட்டு கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். சாமியார் நான்கு ஜோடி வாசித்தார். எங்கள் பெயர் வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். கோயில் நிறைய ஜனம் டீச்சர். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பட்டை அதற்குப் பிறகு நான் கட்டவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமையே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறதாம். சொன்னது யார்? பெண்ணின் ஞானத்தாய். ஹில்டா கார் வைத்து வீரபாண்டியன்பட்டினம் போய், அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி குடித்து, சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

என் மகளுக்குத் தும்மல்கூட அதிகம் வராது.

பதினைந்து வருஷம் ஆகிறது. நான் அவளோடு சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்தவில்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்தேன், அவள் வீட்டில் சாப்பிட்டேன், என் வீட்டில் அவளுக்குப் போட்டேன். ஒன்றே ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவள் வாயால் 'தப்புத்தான்' என்று சொல்ல வேண்டும். கேட்டும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் 'அதெல்லாம் ஆண்டவருக்குத் தெரியும் பெர்னத்து' என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அடுப்படிக்குப் போனால் வாசலுக்கு. வாசலுக்குப் போனால் தெருவுக்கு. வீட்டில் கதவு அதிகம் டீச்சர்.

அதற்குப் பிறகு அவளே இமெல்டாவைக் கூட்டிக்கொண்டு போய் நர்சிங்கில் சேர்த்தாள். காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டாள். செய்த பாவம் உறுத்தாதா? பிள்ளையும் மயங்கிவிட்டது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஹில்டாவுக்குப் போன் போடுவாள், ஒரு மணி நேரம் பேசுவாள். எனக்கு மாதம் பிறந்தால் ஒரு போன். 'சாப்பிட்டியாம்மா, மருந்து எடுத்தியாம்மா.' நோயாளியைக் கேட்கிற மாதிரி.

இருங்கள், போன் அடிக்கிறது. யார் என்று பார்க்க வேண்டாம், எனக்குத் தெரியும். அடிக்கட்டும்.

எங்கே விட்டேன்? சரி, படகுக்கு வருகிறேன். ஹில்டாவின் மகன் ரெமிக்குக் கிரேக்க நாட்டில் கப்பல் கம்பெனியில் வேலை. அம்மாவுக்கு அறுபது வயது நிறைகிறது என்று, எட்டு நாள் ஒரு பாய்மரப் படகைப் பேசிவிட்டான். 'உங்களுக்குப் பிடிச்ச சிநேகிதிகளக் கூட்டிட்டு வாங்கம்மா, தீவு தீவாப் போலாம்.' அவள் கூப்பிட்டது என்னையும் டெய்சியையும். டெய்சிக்கு ஒரு காது கேட்காது, மறு காதில் கேட்டதையும் மறந்துவிடுவாள். நல்ல மனுஷி.

என் பையன்களுக்கு ஆச்சரியம். 'அம்மா, நீயா? வெளிநாடா?' நான் ஏன் ஒத்துக்கொண்டேன் தெரியுமா? ரெமி படகின் படத்தை அனுப்பியிருந்தான். நாற்பது அடி நீளம். சுற்றிலும் கடல். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதில் அடுப்படி இருக்கிறது, ஆனால் தெரு இல்லை. கேட்டுவிட்டு எங்கே எழுந்து போவாள்?

அந்தோனியாருக்கு ஒன்பது நாள் நவநாள் வேண்டிக்கொண்டேன். தொலைந்துபோன பொருளைத் திருப்பித் தருகிற புனிதர் அவர். பதினைந்து வருஷமாகத் தொலைந்து கிடக்கிற அந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து எடுத்துத் தாரும் என்று. படகு ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கினேன்.

படகுக்காரன் பெயர் ஸ்டாவ்ரோஸ். அவர்கள் பாஷையில் சிலுவை என்று அர்த்தமாம். ரெமி சொன்னான். எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. ஐம்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த மாசிக்கருவாடு மாதிரி இருப்பான். நாங்கள் கொண்டுபோயிருந்த மாசியை எடுத்துத் தட்டிப் பார்த்து, இது எந்த மரம் என்று கேட்டவனும் அவன்தான்.

முதல் நாள் கரையில் கட்டியிருக்கும்போதே எல்லாரையும் உட்கார்த்தி வைத்துப் பாடம் எடுத்தான். மிதவைச் சட்டை எங்கே, காஸ் அடுப்பை எப்படி அணைப்பது, கழிவறையில் கைப்பம்பை எத்தனை தடவை அடிப்பது. அப்புறம் அந்தக் கழிவறைக் கதவு. கேட்டுக்கொள்ளுங்கள், இது முக்கியம். காற்று பலமாகி படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தக் கதவு நிலையில் இறுகிவிடும். உள்ளே இருப்பவர் பயப்படக் கூடாது. கைப்பிடியை மேலே தூக்கி, தோளால் ஒரு தள்ளு. திறந்துவிடும். வெளியே இருந்தும் அப்படித்தான், தூக்கி ஒரு இழு. அவ்வளவுதான் வித்தை.

ஹில்டா கேட்கவில்லை. செல்போனைப் பிடித்துக்கொண்டு, 'ஹாய் எல்லாரும், இதுதான் எங்க போட்டு' என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். டெய்சிக்குக் கேட்கவில்லை. நான் மட்டும்தான் கேட்டேன். என்னைச் செய்து காட்டச் சொன்னான். உள்ளே போய்ச் சாத்தி, தூக்கி, தள்ளினேன். 'பிராவோ மாமா!' என்று கைதட்டினான். மாமா என்றால் அங்கே அம்மாவாம்.

எங்கள் அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல். சொன்னதைக் கேட்கிறவன்தான் கடலில் பிழைப்பான் என்று வளர்ந்தவள் நான். எனக்குக் கடல் மயக்கம் கிடையாது. ஹில்டாவுக்கு அது தெரியும். தெரிந்தும் என் கையில் மாத்திரையைத் திணித்தாள். 'போட்டுக்கட்டி, உனக்கு வயசாச்சு.' அவளைவிட நான் நாலு மாதம் இளையவள். முன்பக்கம் சன்னல் வைத்த நல்ல படுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் இஞ்சின் பக்கத்தில் படுத்தாள். பெருமைக்குத்தான். சேலை காற்றில் பறக்கிறது என்று எனக்கும் சேர்த்து ஒரு காற்சட்டை வாங்கி வைத்திருந்தாள். அதைச் சேலைக்குள்ளே போட்டுக்கொண்டேன். குளிருக்கு நன்றாகத்தான் இருந்தது. அதற்காக மன்னித்துவிட முடியுமா?

இரண்டாம் நாள் தேநீர் குடிக்கும்போது கேட்டேன். "ஹில்டா, அன்னைக்கு நீ தொபியாஸ் வீட்டுக்கு ஏன் போன?"

"அதெல்லாம் ஆண்டவருக்குத் தெரியும் பெர்னத்து" என்று எழுந்து முன்பக்கம் போனாள். நானும் போனேன். இந்தப் பக்கமாகப் பின்னால் வந்தாள். நானும் வந்தேன். அந்தப் பக்கமாகச் சுற்றினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கிழவிகளும் படகை மூன்று சுற்றுச் சுற்றினோம். டெய்சி நடுவில் உட்கார்ந்துகொண்டு, "என்னளா, சுத்துப்பிரகாரமா?" என்கிறாள். ரெமி ஸ்டாவ்ரோஸிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அம்மாமார் நடைப்பயிற்சி செய்கிறார்கள் என்று சொன்னானாம்.

நான்காவது சுற்றில் ஹில்டா நின்று என் தோளைப் பிடித்தாள். "விட்டுருட்டி. நல்லா இருக்காள்ல பிள்ள? விட்டுரு."

விட்டுருவாம்.

ஒவ்வொரு தீவிலும் வெள்ளையாக ஒரு சின்னக் கோயில் இருந்தது. எல்லாரும் இறங்கி ஐஸ்கிரீம் சாப்பிடப் போவார்கள். நான் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றுவேன். 'நீ எவ்வளவு பக்திட்டி' என்பாள் ஹில்டா. அந்தத் திரியெல்லாம் அவளுக்காகத்தான் எரிந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவள் வாய் திறக்கட்டும், இல்லாவிட்டால் அவள் நடுங்கட்டும் என்று வேண்டினேன். 'இல்லாவிட்டால்' என்று சேர்த்துக்கொண்டது மூன்றாவது தீவில். இதைச் சாமியாரிடம் சொல்ல வேண்டுமா டீச்சர்? நான் கேட்டேன், அவ்வளவுதானே? கொடுத்தது அந்தோனியார்தானே.

செவ்வாய்க்கிழமை வந்தது. அந்தோனியார் நாள். நவநாளில் ஆறாவது நாள். போரோஸ் என்ற தீவிலிருந்து காலையில் கிளம்பினோம். பதினொரு மணிக்கெல்லாம் கடல் எண்ணெய் தடவினது மாதிரி கிடந்தது. ஆனால் தூரத்தில் மலை உச்சியில் ஒரு துண்டு மேகம் தொப்பி போட்டுக்கொண்டு நகராமல் நின்றது. அதற்குக் கீழே தண்ணீர் கறுத்துச் சுருங்கி வந்துகொண்டிருந்தது. காற்று வருகிறது, அரை மணிதான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஸ்டாவ்ரோஸுக்கும் தெரிந்தது. அவன் ரெமியைக் கூப்பிட்டுப் பாயைச் சுருக்க ஆரம்பித்தான்.

ஹில்டா அப்போது மூன்றாவது கோப்பை காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெயில் ஊறின காய் ஒரு கிண்ணம், அதையும் தின்றாகிவிட்டது. 'போதும்ளா, காத்து வருது' என்று சொல்லியிருக்கலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தீர்களா, நான் ஒன்றும் செய்யவில்லை டீச்சர். ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவள் கீழே இறங்கிக் கழிவறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் பின்னாலேயே கீழே இறங்கி எதிரில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தேன். காற்று வந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது பாருங்கள், தட்டெல்லாம் அலமாரிக்குள் சரிந்து விழுகிற சத்தம். மேலே டெய்சி, "மாதாவே! மாதாவே!" என்று வாந்தி எடுக்கிறாள். ரெமியும் ஸ்டாவ்ரோஸும் கயிற்றோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

கதவு குலுங்கியது.

"பெர்னத்து! ஏட்டி! கதவு தெறக்க மாட்டேங்கு!"

"அப்படியா?"

"ரெமியக் கூப்புடு!"

"அவன் பாய்க்கயித்தப் பிடிச்சிட்டு நிக்கான். இப்பக் கையை எடுத்தா எல்லாரும் கடல்லதான்."

அது பொய்யில்லை. முக்கால்வாசி உண்மை.

அந்தக் கதவைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். காற்றோட்டத்துக்காகக் கதவின் மேல்பாதியில் சாய்வாகப் பலகைத் துண்டுகள் வைத்திருக்கும். உள்ளே இருப்பவர் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அவள் அந்தப் பக்கம் முழங்காலில் விழுந்து கிடக்கிறாள். எங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூண்டு, தொட்டி என்போம், இப்படியேதான் இருக்கும். சாமியார் உட்காருகிற இடத்தில் நான் இருந்தேன். அந்தோனியாரே, இப்படியும் ஒரு வழி வைத்திருந்தீரா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

கைப்பிடியைத் தூக்கித் தோளால் தள்ளு. நாலே வார்த்தை. என் வாயில் இருந்தது. நான் அவளிடம் பதினைந்து வருஷமாகக் கேட்டது ஒரே வார்த்தை.

"தண்ணி வருதுட்டி! கால்ல தண்ணி! கடல் தண்ணியா பெர்னத்து? முங்குதோமா?"

குளிக்கிற தண்ணீர்தான். காலையில் டெய்சி குளித்தது தேங்கியிருந்து, சாய்வில் ஓடி வந்திருக்கிறது. எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பெர்னத்து! இருக்கியா?"

"இருக்கேன். மனசுல இருக்கத எறக்கி வச்சிரு ஹில்டா."

 பிறகு பலகைத் துண்டுகளின் இடுக்கில் அவள் விரல்கள் நான்கு வெளியே வந்தன. கல்யாண மோதிரத்தோடு. பிடித்துக்கொள்ளச் சொல்லி நீட்டினாள். நான் பிடிக்கவில்லை. கையில் ஜெபமாலை இருந்ததே.

"இமெல்டாதான்ட்டி கேட்டா" என்றாள்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாம் ஓலை வாசிச்ச அன்னைக்குச் சாயங்காலம் என் வீட்டுக் கெணத்தடியில வந்து நின்னா. 'பெரியம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். ஆறு மாசமா அம்மாட்ட சொல்லிப் பாத்துட்டேன். முட்டிக்கால் போட்டு ஜெபம் பண்ணுங்காங்க. மூணாம் ஓலை வாசிக்கும்போது தடை இருக்குன்னு நானே எந்திரிச்சு நின்னு சொல்லப் போறேன்'னா. கோயில்ல, அத்தன பேர் முன்னால, பெத்த மக எந்திரிச்சு நின்னா நீ உசுரோட இருப்பியாட்டி? அதான் நான் போயி வலிப்புன்னேன். அவதான் சத்தியம் வாங்கிட்டா, அம்மாவுக்குச் சொல்லக் கூடாதுன்னு. உன்ட்ட சொல்லாம இருந்தது தப்புத்தான். தப்புத்தான் பெர்னத்து. மன்னிச்சிரு. சாகும்போது மனசுல வச்சிட்டுச் சாக மாட்டேன்."

வந்துவிட்டது பாருங்கள். அந்த வார்த்தை. ஒன்றுக்கு இரண்டு தடவை. எவ்வளவு நாள் காத்திருந்தேன். வாயில் போட்டால் இனிக்கும் என்று நினைத்தேன் டீச்சர். உப்பு இல்லாத கஞ்சி மாதிரி இருந்தது.

ஏனென்றால் அது பொய். சாகப் போகிற நேரத்திலும் என் பிள்ளை மேல் பழியைப் போடுகிறாள். என் மகள் என்னிடம் சொல்லாமல் இவளிடம் போய்ச் சொல்வாளா? கிணற்றடியில் போய் நிற்பாளா?

அப்போது எழுந்து ஒரு இழு இழுத்திருந்தால் கதவு திறந்திருக்கும். நான் எழவில்லை. "ஹில்டா, ஐம்பத்துமூணு மணி ஜெபம் சொல்லுதேன். பதில் சொல்லு" என்றேன். ஜெபமாலையில் மணிக்கு ஒரு ஜெபம், பத்துப் பத்தாக ஐந்து பத்து; அன்றைக்குத் துக்க தேவ இரகசியம், ஆண்டவர் பட்ட பாடுகளை நினைத்துச் சொல்வது. சாமியார் அபராதம் கொடுப்பார் இல்லையா, அது போல. நான் முன்பாதி சொல்ல, அவள் உள்ளேயிருந்து பின்பாதி. வாந்தி எடுப்பாள், வாயைத் துடைப்பாள், "அர்ச்சிஷ்ட மரியாயே" என்பாள். நான் ஒரு மணியைக்கூடத் தாண்டவில்லை. வழக்கத்தைவிட மெதுவாகவே சொன்னேன். அந்த மாதிரி மனம் ஒன்றிப்போய் நான் என்றைக்குமே ஜெபம் சொன்னதில்லை. இது பாவமா? ஜெபம் எப்படிப் பாவமாகும்?

நாலாவது பத்தில் ஸ்டாவ்ரோஸ் இறங்கி வந்தான். முகமெல்லாம் உப்பு. உள்ளே இருந்து குரல் வருவதைக் கேட்டான். கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மடியில் ஜெபமாலையைப் பார்த்தான். ஒரு விரலால் கைப்பிடியைத் தூக்கி இழுத்தான். ஒரே விரல். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இழுத்தான்.

ஹில்டா என் மடியில் வந்து விழுந்தாள். நனைந்த கோழி மாதிரி. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

"நீ இருந்தட்டி. நீ மட்டும் என்னய விட்டுப் போகல."

கேட்டீர்களா? அவளுக்குத் தெரியவில்லை! எனக்குக் கதவு திறக்கத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. பழி வாங்கினால் வாங்கப்பட்டவளுக்குத் தெரிய வேண்டாமா? ஊருக்கு வந்து ஒரு வீடு விடவில்லை. 'செத்துருப்பேன். பெர்னத்துதான் கதவுக்கு வெளிய உக்காந்து அம்பத்துமூணு மணி சொல்லிக் காப்பாத்துனா.' பூசை முடிந்ததும் சாமியாரே என் கையைப் பிடித்து, 'உங்களைப் போல் ஒரு சிநேகிதி கிடைக்க வேண்டும்' என்றார். இப்போது புரிகிறதா, நான் ஏன் அவரிடம் போக முடியாது என்று?

ஸ்டாவ்ரோஸ் ஒருவனுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு மாமா என்று அவன் என்னைக் கூப்பிடவில்லை. கடைசி நாள் எல்லாருக்கும் கை கொடுத்தான், எனக்கும் கொடுத்தான். மற்ற இரண்டு பேருக்கும் ஏறி இறங்கக் கை பிடித்தவன், என்னை மட்டும் தனியே இறங்க விட்டான். நான் தண்டல் மகள், எனக்கென்ன.

அந்த நவநாளை நான் முடித்துவிட்டேன். ஒன்பதாவது நாளும் திரி ஏற்றினேன். எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

பாருங்கள், மறுபடியும். அடிக்கட்டும், அடிக்கட்டும்.

இமெல்டாதான். ஹில்டா அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நாங்கள் ஊர் வந்து சேர்ந்த அன்றிலிருந்து அடிக்கிறாள். மாதம் ஒரு தடவை கூப்பிடுகிறவள். முந்தாநாள் நாலு தடவை. நேற்று ஏழு தடவை. நான் எடுக்கவில்லை. ஒன்பது நாள் எடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். இன்று ஏழாவது நாள்.

என்ன டீச்சர்? ஹில்டா சொன்னது பொய் என்றால் மகளின் போனை ஏன் எடுக்கவில்லை என்றா?

படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

எடுத்தால் என்ன சொல்வாள்? 'அம்மா, ஹில்டா பெரியம்மா சொன்னது' என்று ஆரம்பிப்பாள். ஆரம்பிக்கட்டுமே, முடிக்கவும் செய்வாளே. பதினைந்து வருஷம் என் முன்னால் உட்கார்ந்து என் கையால் சாப்பிட்டாளே, 'வலிப்புக்காரி' என்று ஊர் பேசினபோது நான் ஒவ்வொரு வீடாகப் போய், 'என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று சொல்லி அழுதேனே, பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? அந்த மாம்பழப் பட்டை நான் மடித்து வைத்தபோது பெட்டியைத் திறந்து பிடித்தவளே அவள்தானே?

இல்லை, இல்லை. அவள் செய்யவில்லை. ஹில்டா சொல்வது பொய். நான் பேச்சுக்குச் சொல்கிறேன்.

ஆனால் அவள் உள்ளேயே இருக்கட்டும். இன்னும் இரண்டு நாள். தட்டட்டும். நான் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறக்க எனக்குத் தெரியும், அது அவளுக்குத் தெரியட்டும். ஹில்டாவுக்குத்தான் தெரியாமல் போயிற்று, இவளுக்காவது தெரியட்டும். நான் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான். எடுக்காதது ஒரு பாவமா? சாமியாரிடம் சொல்கிற கணக்கில் அது வராது, இல்லையா?

நீங்கள் ஏன் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள்? திருத்துங்கள், இன்னும் எவ்வளவு கட்டு இருக்கிறது.

போன் நின்றுவிட்டது.

தொண்டி தாண்டிவிட்டோமா? ஆளே இல்லாத ஊராக இருக்கிறதே.

இவ்வளவு நேரம் ஆகாதே. நேற்றெல்லாம் நின்ற உடனே மறுபடியும் அடித்தாள். மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. இன்று இரண்டு தடவையோடு... ஆஸ்பத்திரியில் வேலை வந்திருக்கும். இல்லாவிட்டால் சாப்பாட்டு நேரம். அவள் நேரத்துக்குச் சாப்பிட மாட்டாள், எனக்குத் தெரியும்.

டீச்சர், இந்தப் பக்கமெல்லாம் டவர் கிடைக்காதோ? எனக்குக் கண்ணாடி இல்லாமல் அந்தக் கோடுகள் தெரியாது. இந்தாருங்கள், நீங்கள் கொஞ்சம் பாருங்களேன். எடுக்க வேண்டாம். அடித்தால் மட்டும் சொல்லுங்கள்.